செங்கல்பட்டுத் தொட்டியும் ஊட்டிப் பனியும்

செங்கல்பட்டுக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டுக் கொல்லையில், துவைக்கும் கல்லுக்கும் கொய்யா மரத்துக்கும் நடுவே, கிணற்றுக்கு இறக்கும் சிமெண்ட் உறை ஒன்று பல வருடங்களாகச் சும்மா கிடந்தது. நான்கடி விட்டமும் ஒன்றரை அடி உயரமும் கொண்ட அதற்கு அடித்தளம் போட்டுத் தொட்டியாக்கி அல்லி வளர்க்கலாம் என்று எண்ணிய நாளில், எனக்குத் தெரிந்த அல்லிகள் இரண்டுதான்: ஏரியில் இரவில் மலரும் வெள்ளை, கோயில் குளத்துச் சிவப்பு. நர்சரியில் போய் நின்றபோதுதான், அல்லியில் 'ஹார்டி' என்றும் 'டிராபிகல்' (வெப்பநாட்டு வகை) என்றும் இரண்டு கூட்டங்கள் இருப்பதும், விலை அதற்கேற்ப மாறுவதும் தெரிந்தது.

'ஹார்டி' என்றால் எதையும் தாங்கும் செடி என்று நான் புரிந்துகொண்டேன். பெரும்பாலோர் அப்படித்தான் புரிந்துகொள்கிறார்கள். உண்மையில் அந்தச் சொல்லைச் சூட்டியவர்கள் பனி விழும் நாட்டுக்காரர்கள். குளம் உறைந்தாலும் அடிமண்ணில் கிழங்கு பிழைத்திருந்து வசந்தத்தில் துளிர்க்குமா என்பது ஒன்றே அவர்களுடைய கேள்வி. ஐரோப்பியக் குளங்களில் அப்படித் தாங்கிய அல்லி நெடுங்காலம் பெரும்பாலும் வெள்ளையாகவே இருந்தது. பிரான்சில் லத்தூர்-மார்லியாக் என்பவர் 1875-இல் தொடங்கிய நர்சரியில் அதை வேறு இனங்களோடு கலந்து மஞ்சள், இளஞ்சிவப்பு, சிவப்பு நிறங்களைக் கொண்டுவந்தார். 1889-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் அவற்றை வைத்தார்; ஓவியர் மோனே தம் குளத்துக்கு அல்லி வாங்கியதும் அவரிடமிருந்துதான். இன்று நம் ஊரில் ஹார்டி என்று விற்கப்படும் செடிகளில் பலவற்றின் பூர்வீகம் அந்தக் குளிர்நாட்டுக் கலப்புகளில் இருக்கிறது. சித்திரை வெயிலைத் தாங்குமா என்று அவற்றை யாரும் சோதித்துப் பெயர் வைக்கவில்லை.

இந்த வேறுபாட்டை நான் கற்றுக்கொண்டது அக்காவின் செலவில். ஊட்டியில் இருக்கும் அக்கா தானும் ஒரு தொட்டி வைக்கப்போவதாகச் சொன்னதும், எங்கள் பக்கத்து நர்சரி ஒன்றில் 'ஹார்டி' என்று எழுதி வைத்திருந்த நீல அல்லி ஒன்றையும் இளஞ்சிவப்பு அல்லி ஒன்றையும் வாங்கிக் கொடுத்தனுப்பினேன். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் அது. மார்கழி, தை மாதங்களில் அங்கே புல்வெளி வெளுத்துப்போகும் அளவுக்கு உறைபனி விழும். அந்தக் குளிரில் இரண்டு செடிகளுமே இலையை இழந்தன. பங்குனியில் இளஞ்சிவப்பு மட்டும் சிறு செவ்விலை ஒன்றை மேலே அனுப்பியது. நீலம் வரவேயில்லை. "நீ அனுப்பினதுல பாதி பொய்" என்று அக்கா தொலைபேசியில் சொன்னாள். விற்றவர் பொய் சொன்னாரா, அவருக்கே தெரியாதா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஆனால் நான் இலையைப் பார்த்திருந்தால் போதும். ஹார்டி அல்லியின் இலை விளிம்பு வழவழப்பாக ஓடும். டிராபிகல் இலையின் விளிம்பு பெரும்பாலும் பல் பல்லாக வெட்டியிருக்கும். ஹார்டிப் பூ பொதுவாக நீரின்மேல் படுத்திருக்கும். டிராபிகல் பூ தண்டை நீட்டி நீருக்கு மேலே ஒரு சாண் நிமிர்ந்து நிற்கும். இவற்றையெல்லாம்விட எளிய அடையாளம் நிறம். ஹார்டி அல்லியில் நீலம் கிடையாது. தாய்லாந்தில் இரு கூட்டங்களையும் இணைத்து உருவாக்கிய ஒருசில கலப்பினங்களே விலக்கு, அவை முந்நூறு ரூபாய்க்குக் கிடைப்பவை அல்ல. நம் சங்கப் பாடல்களில் கடற்கரைத் திணைக்கே பெயர் கொடுத்த நெய்தலும், நீலோற்பலம் என்ற பெயரில் இலங்கையின் தேசிய மலரான பூவும் டிராபிகல் கூட்டத்தைச் சேர்ந்தவையே. ஆக, நம் மண்ணின் நீலம் ஊட்டிப் பனியில் செத்துப்போவதில் வியப்பில்லை. குளிர் தொடங்குமுன் கிழங்கைத் தோண்டி, ஈர மணலில் புதைத்து, பனி படாத அறையில் வைத்திருந்தால் அதுவும் பிழைத்திருக்கக்கூடும். அப்போது எங்கள் இருவருக்குமே அது தெரியாது.

நடும் முறையும் கிழங்கைப் பொறுத்தே மாறுகிறது. ஹார்டியின் கிழங்கு இஞ்சியைப்போலக் கிடையாக ஊர்ந்து வளரும். ஆகவே அதை அகன்ற தொட்டியின் ஓரத்தில், வளரும் முனை நடுவை நோக்கியிருக்கும்படி சாய்த்து வைக்க வேண்டும். டிராபிகல் ஒரே இடத்தில் நின்று மேலே வளர்வதால் அதற்கு நடுப்பகுதியே இடம். இரண்டுக்கும் மண் ஒன்றுதான்: ஏரியின் களிமண் அல்லது வயல் வண்டல். மாடித்தோட்டப் பழக்கத்தில் நான் முதலில் தென்னைநார்த் துகளும் மண்புழு உரமும் கலந்து வைத்தேன். மறுநாளே துகள் முழுவதும் மிதந்தது, இரண்டு வாரத்தில் தண்ணீர் பச்சைப் பெயிண்ட் ஆனது. இப்போது உரம் என்பது மாதம் ஒருமுறை ஒரு தேக்கரண்டி டி.ஏ.பி.யை நாளிதழ்த் துண்டில் மடித்து, வேருக்கு அருகே நான்கு விரல் ஆழத்தில் செருகுவது மட்டுமே. அது மண்ணுக்குள் இருக்கும்வரை செடிக்கு உணவு, தண்ணீரில் கரைந்தால் பாசிக்கு விருந்து.

புதிய சிமெண்ட் தொட்டியில் உடனே செடி வைக்கக் கூடாது என்பதைக் கொத்தனார்தான் சொன்னார். சிமெண்டிலிருந்து கசியும் சுண்ணாம்புக் காரம் போக, வாழைத்தண்டை வெட்டிப் போட்டு நீரை நிரப்பி ஒரு வாரம் விட்டுக் கொட்டுவதை மூன்று முறை செய்தோம். நாற்றம் தாங்க முடியவில்லை. பக்கத்து வீட்டு அத்தை சாக்கடை அடைத்துக்கொண்டதோ என்று விசாரிக்க வந்தார்.

பனியே இல்லாத எங்கள் ஊரில் சோதனை வேறு மாதிரி வந்தது. ஏப்ரல், மே மாதங்களில் அரையடி நீர் மட்டுமே நிற்கும் பிளாஸ்டிக் டப்புகளில் பிற்பகலில் கையை வைத்தால் குளிக்க விளாவிய வெந்நீர்போல இருக்கும். அதில் வைத்த ஹார்டி அல்லியின் இலைகள் ஓரம் கருகிச் சிறுத்துப்போயின; பக்கத்து டப்பில் இருந்த நீலமோ பூத்துக்கொண்டே இருந்தது. ஹார்டியை உறைத்தொட்டியின் ஆழத்துக்கு மாற்றி, மூன்று மணிக்குமேல் கொய்யா நிழல் விழும்படி வைத்தபிறகுதான் தேறியது. எல்லா ஹார்டியும் இப்படி வாடுவதில்லை. தாய்லாந்தில் தோன்றிய, இளஞ்சிவப்பில் மஞ்சள் தீற்றல் கொண்ட 'வன்விசா' எங்கள் வெயிலைப் பொருட்படுத்தவே இல்லை. ஆனால் அதுவும் காலையில் ஆறு மணிநேர வெயில் இல்லாவிட்டால் இலையாகவே நின்றுவிடுகிறது.

கொசுவுக்கு பயந்தே பலர் இந்த ஆசையைக் கைவிடுகிறார்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நீரில் முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு ஏறக்குறைய பத்து நாட்களில் வந்துவிடும் என்பதால் அந்தப் பயம் நியாயமானதே. பத்துக் கப்பி மீன்களை விட்டேன்; புழு எதுவும் மிஞ்சுவதில்லை. மீன் இருப்பதால் இலைச்சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சி வந்தாலும் மருந்து தெளிப்பதில்லை, இலையை நீருக்குள் அமுக்கி அலசினால் மீன்களே தின்றுவிடுகின்றன. ஓரத்துக்குச் சிறு சட்டிகளில் வசம்பு, வல்லாரை, நீர்ப்பிரம்மி. இலவசமாகக் கிடைத்த வெங்காயத்தாமரையை மட்டும் வெயிலில் காயவைத்து எருக்குழியில் போட்டேன். அது தப்பி ஏரிக்குப் போனால் என்ன ஆகும் என்பதை எங்கள் ஊர் ஏரியைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு பூ மூன்று, நான்கு நாட்கள் திறந்து மூடும் என்பதையும், முதல் நாள் அது பெண்ணாக, நடுக்கிண்ணத்தில் திரவம் தேங்கி நிற்கும் என்பதையும் நான் ஒரு செத்த தேனீயைக் கண்டபிறகுதான் கவனித்தேன். வேறு பூவின் மகரந்தத்தோடு வரும் பூச்சி வழுக்கி அதற்குள் விழ, உடம்பிலிருந்த மகரந்தம் அலசப்பட்டுச் சூலுக்குச் சேர்கிறது. மறுநாள் கிண்ணம் வற்றி, பூ ஆணாகிவிடும். அன்று வருகிற தேனீக்கு ஆபத்தில்லை.

இப்போது ஊட்டிக்கும் எங்களுக்கும் பண்டமாற்று நடக்கிறது. போன மாசியில் அக்கா தன் இளஞ்சிவப்பின் கிழங்கை வெட்டி, ஈரத் துணியில் சுற்றி, நீலகிரி எக்ஸ்பிரஸில் வந்தவர் கையில் கொடுத்தனுப்பினாள். அதற்கு மாற்றாக நீலம் கேட்டாள். இந்தமுறை ஒரு பை ஆற்று மணலும் சேர்த்தே அனுப்பியிருக்கிறேன்.