அண்ணத்தில் ஒளிந்திருந்த கோரைப்பல்

முப்பதை நெருங்கும் வயதிலும் என் மேல்வரிசையில் ஒரு பால்பல் கெட்டியாக நின்றுகொண்டிருந்தது. வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. வேறெதற்கோ எடுத்த முழுத்தாடை எக்ஸ்ரேயில்தான் விஷயம் வெளியே வந்தது. அந்த இடத்துக்கு உரிய கோரைப்பல் எலும்புக்குள் சாய்ந்து படுத்திருந்தது.

ஞானப்பல்லுக்கு அடுத்தபடியாக அதிகம் புதைந்துபோவது மேல் கோரைப்பல்தானாம். நூறு பேரில் ஒன்றிரண்டு பேருக்கு இப்படி இருக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். மூக்கின் அடித்தளத்துக்குப் பக்கத்தில் உருவாகி, பக்கத்து முன்பல்லின் வேரை ஒட்டியபடியே நெடுந்தூரம் இறங்கி, பதினொன்று பன்னிரண்டு வயதில்தான் அது வெளியே வருகிறது. வழியில் தடம் மாற வாய்ப்பு ஏராளம். உதட்டுப் பக்கம் துருத்தும் தெற்றுப்பல் என்றால் பெரும்பாலும் இடநெருக்கடிதான் காரணம். பல் வெளியே வந்துவிட்டதால் இடம் உண்டாக்கிக் கிளிப் போட்டால் வரிசைக்கு வந்துவிடும். என்னுடையது உள்பக்கம், அண்ணத்தில்.

மூன்று மருத்துவர்களைப் பார்த்தேன். ஒருவர் இரண்டு பற்களையும் எடுத்துவிட்டு இம்ப்ளாண்ட் வைக்கலாம் என்றார். இன்னொருவர், தொந்தரவு இல்லையே, அவ்வப்போது எக்ஸ்ரே எடுத்துக் கவனித்தால் போதும் என்றார். மூன்றாமவர் முப்பரிமாண ஸ்கேன் எடுக்கச் சொல்லி, திரையில் படத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். புதைந்த பல்லின் தலை பக்கத்து முன்பல்லின் வேரில் முட்டிக்கொண்டிருந்தது; அந்த வேரின் ஓரம் லேசாகக் கரைந்தும் இருந்தது. அதைப் பார்த்த பிறகு சும்மா விடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. “வயது ஏற ஏற இந்தப் பல் எலும்போடு ஒட்டிப்போயிருக்க வாய்ப்பு உண்டு. அப்படியிருந்தால் எவ்வளவு இழுத்தாலும் வராது, எடுக்கத்தான் வேண்டும். அதைத் தெரிந்துகொண்டு ஆரம்பியுங்கள்” என்றார். தோற்கவும் கூடும் என்று அவர் முன்கூட்டியே சொன்னதால்தான் அவரிடமே போனேன்.

முதலில் கிளிப் மாட்டி, இடம் அகலமாகும்வரை சில மாதங்கள். அறுவைச் சிகிச்சை அதற்குப் பிறகு. அதில் எனக்கு நினைவிருக்கும் வலி, அண்ணத்தில் போட்ட மரப்பு ஊசி ஒன்றுதான். அங்கே தசை மெத்தை கிடையாது. ஈறு எலும்போடு இறுக ஒட்டியிருக்கும், மருந்து பரவ இடமில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது. மற்றபடி அழுத்தமும் டிரில் சத்தமும்தான். ஈற்றைத் திறந்து, மேலே இருந்த எலும்பைச் சுரண்டி, பல்லில் ஒரு சிறு பொத்தானை ஒட்டி, அதிலிருந்து மெல்லிய தங்க முலாம் சங்கிலியை வெளியே விட்டுத் தைத்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. நான் அணிந்த ஒரே தங்கச் சங்கிலி யார் கண்ணுக்கும் படாத இடத்தில் கிடந்தது!

சோதனை அதற்குப் பிறகுதான். பல்லை நேராக வரிசைக்கு இழுக்கமாட்டார்கள். இழுத்தால் முன்பல்லின் வேரிலேயே மோதும். முதலில் பின்னோக்கி அண்ணத்துப் பக்கம் விலக்கி, வழி கிடைத்த பிறகே வெளிப்பக்கம் திருப்புவார்கள். இழுவிசையும் 60 கிராம் அளவுதான். அவசரப்பட்டு விசையைக் கூட்டினால் வேர்தான் கரையும். ஒவ்வொரு முறை போகும்போதும் சங்கிலியில் ஒரு கண்ணியை வெட்டிவிட்டு மறுபடி கட்டுவார். வெட்டிய கண்ணி டிரேயில் விழும் சத்தம் கேட்டால்தான் எனக்குத் திருப்தி. அன்று பல் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். சில முறை வெட்ட ஒன்றும் இருக்காது. நாக்கு சும்மா இருக்காமல் சங்கிலியைத் துழாவிக்கொண்டே இருக்கும். பொத்தான் கழன்றால் மறுபடி ஈற்றைத் திறக்கவேண்டி வரும் என்பதால், நார் சிக்கினால்கூட இழுக்காமல் கண்ணாடி முன் நின்று சிறு பிரஷ்ஷால் பொறுமையாக எடுப்பேன்.

ஒருநாள் அண்ணத்தில் ஈறு வெளுத்து, நடுவில் பல்நுனி தட்டுப்பட்டது. அடுத்த முறை போனபோது பால்பல்லைப் பிடுங்கினார். அதன் வேர் கிட்டத்தட்ட முழுசாக இருந்தது. மேலிருந்து வரவேண்டிய பல் அந்தப் பக்கமே வராதபோது வேர் எப்படிக் கரையும்?

எல்லாம் முடிய இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. இப்போது பற்களின் பின்னால் ஒரு கம்பியும் இரவில் ரிடெய்னரும் உண்டு. இழுத்து வந்த பல்லுக்குத் திரும்பிப் போகும் ஆசை போகவில்லையாம்.

அக்கா மகளுக்குப் பத்து வயது. பால் கோரைப்பல்லுக்கு மேலே ஈற்றை விரலால் தடவினால் வலப்பக்கம் மேடு தெரிகிறது, இடப்பக்கம் தெரியவில்லை. உடனே மருத்துவரிடம் அனுப்பினேன். எக்ஸ்ரேயில் அவளுக்கும் பல் அண்ணத்துப் பக்கம் சாய்ந்திருந்தது. ஸ்வீடனின் எரிக்சன், குரோல் இருவரும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், பத்து முதல் பதின்மூன்று வயதுக்குள் பால் கோரைப்பல்லை மட்டும் எடுத்துவிட்டதில் தடம் மாறிய பற்களில் 78 சதவீதம் தாமாகவே சரியான வழிக்குத் திரும்பின. அவளுக்கும் இடம் போதுமான அளவு இருந்ததால் பால்பல்லை எடுத்துவிட்டார்கள். ஓராண்டுக்குள் மறுபடி எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கவேண்டும். பல் அப்போதும் அசையாமல் இருந்தால்தான் சங்கிலி.