"எதைப் போடட்டும் சார்?"

"எதைப் போடட்டும் சார், ஐசோலேட்டடா, சாதாவா?"

என்னிடம் வேலை பார்க்கிற பையன் கேட்டது, லேப்டாப்பையும் சர்க்யூட் போர்டையும் இணைக்கிற யூஎஸ்பி அடாப்டரைப் பற்றி. ஐசோலேட்டட் என்றால் அந்த இரண்டுக்கும் நடுவே நேரடி மின் தொடர்பு இருக்காது, சாதாவில் இருக்கும். இதற்கு நான் சொன்ன பதிலில் தப்பு எதுவும் இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. "போர்டு 3.3 வோல்ட்தானே? வோல்ட் ஜம்பரைப் பார்த்துக்கோ, எதுனாலும் ஓடும்" என்றேன். திரையிலிருந்து தலையைத் தூக்கினேனா என்று ஞாபகம் இல்லை.

"சரி சார்" என்று போய்விட்டான். முக்கால் மணி நேரத்தில் டப்பென்று ஒரு சத்தம். பெஞ்சுக்கு வரும் மின்சாரம் நின்றது.

மின் மீட்டர் போர்டு அது. ஷண்ட் என்கிற சின்ன ரெசிஸ்டரை வைத்துக் கரண்ட் அளக்கிற வகை. அதன் கிரவுண்டே, அதாவது போர்டு பூஜ்ய வோல்ட்டாக எடுத்துக்கொள்ளும் கம்பியே, ஃபேஸ் கம்பியில்தான் உட்கார்ந்திருக்கும். மீட்டரின் முகப்பில் ஒயரில்லாமல் அகச்சிவப்பு ஒளியிலேயே பேச வைத்திருக்கிறார்களே, அந்த ஏற்பாட்டில் ஃபேஸ் வெளியே வராமல் காக்கிற பாதுகாப்பும் அடக்கம். உள்ளே அடாப்டரை மாட்டுகிற நாலு பின் டிபக் ஹெட்டருக்கு (பிழை தேடுவதற்கான இணைப்பு) அது கிடையாது. காலை முழுக்க மெயின்ஸோடு நேரடித் தொடர்பில்லாத பெஞ்ச் சப்ளையில் சாதுவாக ஓடிய போர்டை மதியம் மெயின்ஸில் போட்டிருக்கிறான். லேப்டாப் சார்ஜரோ மூணு பின், டிசி மைனஸ் எர்த்தோடு சேர்ந்திருக்கிற வகை. ஃபேஸ், அடாப்டரின் கிரவுண்ட் ஒயர் வழியாக, யூஎஸ்பி வழியாக, நேரே எர்த்துக்குப் போய்விட்டது. கறுப்பு ஒயர் சுருண்டு, தோல் உரிந்து கிடந்தது. அடாப்டர் சிப்பின் முதுகில் குண்டூசி முனை அளவுக்கு ஓர் ஓட்டை. அவன் கை அந்த நேரம் மவுஸில் இருந்தது. வேறெங்காவது இருந்திருந்தால் என்று யோசிக்கத் தொடங்கினால் அன்றைக்குத் தூக்கம் போச்சு.

மெயின்ஸில் போடப்போகிறேன் என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தடுத்திருப்பேன், சந்தேகமே இல்லை. ஆனால் 3.3 வோல்ட் விஷயத்தை அவன் கேட்கவே இல்லையே. "ஐசோலேட்டடா" என்று ஒருவன் கேட்டால் கிரவுண்டைப் பற்றிக் கேட்கிறான் என்றுதானே அர்த்தம்? நான் சிக்னல் அளவைப் பற்றிப் பதில் சொன்னேன்.

இதற்கு என்னிடம் பழைய காரணம் ஒன்று உண்டு. வேலைக்கு வந்த புதிதில் ஆர்எஸ்-232 என்கிற பழைய சீரியல் கேபிளை நேராக ஒரு மைக்ரோகன்ட்ரோலர் பின்னில் மாட்டினேன். அந்த லைன் சும்மா இருக்கும்போதே மைனஸ் வோல்டேஜில் நிற்கும் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை. சிப் போனது. அன்றிலிருந்து யார் "எந்த அடாப்டர்" என்றாலும் என் காதில் "எத்தனை வோல்ட்" என்றுதான் விழும். இங்கிருக்கும் சாதா அடாப்டர் எல்லாவற்றிலும் டிஎக்ஸ், ஆர்எக்ஸ் என்கிற சிக்னல் கம்பிகளுக்கு 330 ஓம் ரெசிஸ்டரும், திடீர் வோல்டேஜை அடக்குகிற ஒரு டிவிஎஸ் டயோடும் நானே பற்றவைத்தேன். 5 வோல்ட்டைத் தெரியாமல் கொடுத்தாலும், கை நிலைமின்சாரம் பட்டாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. கிரவுண்ட் கம்பியில் யார் ரெசிஸ்டர் வைப்பார்கள்?

ரொம்ப நாள் கழித்துத்தான் இன்னொன்று உறைத்தது. ஐசோலேட்டட் அடாப்டர்கள் மொத்தம் ரெண்டு. ஒன்றின் கனெக்டரை யாரோ பிய்த்துவிட்டார்கள் என்று ரெண்டையும் டிராயரில் பூட்டி, சாவியை நான்தான் வைத்திருந்தேன். அப்படியென்றால் அவன் கேட்டது சந்தேகம் இல்லை, சாவி. கேட்கக் கூச்சப்பட்டு அதைக் கேள்வியாக மாற்றியிருக்கிறான். இது என் ஊகம். அவனிடம் கேட்கவில்லை. கேட்டால் "இல்ல சார்" என்றுதான் சொல்வான்.

ரிப்போர்ட்டில் காரணம் என்ற கட்டத்தில் "அடாப்டர் பழுது" என்று எழுதினேன். பொய் இல்லை, அடாப்டர் பழுதாகித்தான் போயிருந்தது. அவன் பெயர் வரக்கூடாது என்று எழுதியதாக அப்போது நினைத்தேன். என் பெயரும்தான் வரவில்லை.

இப்போது சாவி பெஞ்ச் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. மூன்றாவது வாரமே ஒரு ஐசோலேட்டட் அடாப்டரைக் காணோம். மிச்சம் இருக்கிறதில் 2500 வோல்ட் என்று அச்சடித்திருக்கிறது. அது ஒரு நிமிடச் சோதனையில் தாங்கிய அளவு, நாள் முழுக்க அதில் வேலை செய்யலாம் என்று அர்த்தமில்லை என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டினேன். யாரும் படித்த மாதிரி தெரியவில்லை.

போன வாரம் அவன் அதே ரக போர்டில் சாதா அடாப்டரை மாட்டப்போனான். ஓடிப்போய்த் தடுத்தேன். "சார்ஜரைக் கழட்டிட்டேன் சார், பேட்டரிலதான் ஓடுது, எர்த்தே இல்ல" என்றான். எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. எர்த் இல்லையென்றால் டப்பென்ற சத்தம்கூட வராது. லேப்டாப்பின் யூஎஸ்பி உலோகம் முழுக்க ஃபேஸாகி அமைதியாக நிற்கும், யாராவது தொடுகிற வரைக்கும். "யாருப்பா சொன்னது இதை?"

"நீங்க பண்ணுவீங்களே சார். பார்த்திருக்கேன்."

பண்ணுவேன்தான். ஆடியோ போர்டில் இரைச்சல் வந்தால் சார்ஜரைக் கழற்றிவிட்டு அளப்பேன். அது பேட்டரியில் ஓடுகிற போர்டு, கிரவுண்டில் ஒன்றும் இருக்காது, அது வேறு இது வேறு என்று விளக்க ஆரம்பித்தேன். பாதியில் அவன் தலையாட்டினான்.

"சரி சார்."