அடுத்த பொறுப்பாளர் யார்?

கல்லூரி ஜெபக்குழு தளர்ந்துபோவது பெரும்பாலும் பொறுப்பு கைமாறும் மாதத்தில்தான். கடைசி ஆண்டு மாணவர்கள் எல்லாவற்றையும் தாங்களே சுமந்துவிட்டு, ஒரே நாளில் கணக்கு நோட்டை ஜூனியர் கையில் திணித்துவிட்டுப் போகிறார்கள். ஒரு செமஸ்டர் முன்பே ஆளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலில் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். பிறகு வேதபாடத்தில் ஒரு பகுதியை நடத்தட்டும். அப்புறம் முழுக் கூட்டமும் அவருடையது, நீங்கள் பின்வரிசையில்.

நன்றாகப் பாடுகிறவரையே தேர்ந்தெடுப்பது வழக்கமான தவறு. கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை அடுக்குவது யார், இரண்டு வாரம் வராதவரைத் தேடிப் போவது யார் என்று கவனியுங்கள். வேதாகமத்தில் அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தில், பந்தி விசாரிப்புக்கே (உணவு பரிமாறும் வேலைக்கே) நற்சாட்சி பெற்ற 7 பேரைத்தான் தேடினார்கள்.

குழுவின் கொள்கை 'அன்பு, உண்மை' என்று சுவரில் ஒட்டினால் போதாது, செயலாக எழுதுங்கள். காணிக்கையை இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, அன்றே கையெழுத்திட வேண்டும். ஒருவர் ஜெபக்குறிப்பாக, அதாவது தனக்காக ஜெபிக்கக் கேட்டுச் சொன்னதை, சொன்னவரைக் கேட்காமல் வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. பல குழுக்கள் உடைவது இதில்தான்: ஒருவர் வீட்டுப் பிரச்சினை "ஜெபியுங்கள்" என்ற பெயரில் விடுதி முழுக்கப் பரவிவிட்டால், அவர் மறுபடி வாய் திறக்கமாட்டார். அவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேளுங்கள், குழுவில் பொதுவாக அல்ல.