தண்ணீர் வந்த பாறையும் குண்டு பாய்ந்த மலையும்

புனித தேவசகாயம் வாழ்ந்த இடங்களைப் பார்க்க வருகிறவர்கள் வழக்கமாக அவர் பிறந்த நட்டாலத்தில் தொடங்குவார்கள். நாங்கள் நேராகப் புலியூர்க்குறிச்சிக்குப் போனோம். பெரியம்மாவுக்கு முட்டிடிச்சான் பாறைத் தண்ணீர்தான் முக்கியம்.

சாலையோரத்துக் கோயில் அது. சங்கிலியால் கட்டி இழுத்து வரப்பட்ட தேவசகாயம், தாகம் தாங்காமல் செபித்துவிட்டு முழங்கையால் பாறையை இடித்ததும் தண்ணீர் ஊறியதாக நம்பிக்கை. பாறையில் சின்னக் குழிதான். பெரியம்மா அதில் விரலை நனைத்து முதலில் நெற்றியிலும், அப்புறம் இரண்டு மூட்டுகளிலும் தடவிக்கொண்டார். கொண்டுவந்த பாட்டிலிலும் கொஞ்சம் பிடித்துக்கொண்டார்.

பக்கத்திலேயே உதயகிரிக் கோட்டை. 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயின் கல்லறை அங்கே இருக்கிறது. தேவசகாயத்தின் பழைய பெயர் நீலகண்டப் பிள்ளை. திருவிதாங்கூர் அரசில் அதிகாரியாக இருந்த அவர், வீட்டில் மாடுகள் செத்து, பயிர் அழிந்து மனமொடிந்து நின்றபோது, இந்த டிலனாய்தான் அவருக்கு பைபிளில் வரும் யோபுவின் கதையைச் சொன்னார். எனக்கு இது எப்போதும் ஆச்சரியம். புதிதாக ஒருவருக்குக் கடவுளைப் பற்றிச் சொல்லும்போது அற்புதங்களைச் சொல்லத்தான் யாருக்கும் தோன்றும். இவர் எல்லாவற்றையும் இழந்தவனின் கதையை எடுத்தார். அதுவும் யோபு லேசுப்பட்ட ஆளா? பிறந்த நாளையே சபிக்கிறான், கடவுளிடம் வழக்குப் பேசுகிறான். கொன்றாலும் உம்மை நம்புவேன் என்கிறான். ஆனாலும் என் நியாயத்தை உம் முகத்துக்கு நேரே சொல்வேன் என்றும் சேர்த்துக்கொள்கிறான். அந்தக் கதையைக் கேட்டவர் 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார்.

அடுத்து ஆரல்வாய்மொழி, காற்றாடிமலை. அங்கே அடிக்கும் காற்றைச் சொல்லி மாளாது. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டுதான் ஏற வேண்டும். கைதாகி ஏறக்குறைய மூன்று வருடம் அடி, காயத்தில் மிளகாய்ப்பொடி, எருக்கம்பூ மாலை போட்டு எருமை மேல் ஊர்வலம். எல்லாம் முடிந்து 1752 ஜனவரி 14 அன்று இந்த மலையில்தான் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். மேலே ஒரு பாறையைக் கல்லால் தட்டினால் மணி மாதிரி ஒலிக்கிறது. பிள்ளைகள் வரிசையில் நின்று தட்டிக்கொண்டிருந்தார்கள்.

தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்தவர் துப்பாக்கியைத் தடுக்கவில்லை. புலியூர்க்குறிச்சியோடு திரும்பிவிட்டால் கேட்டதும் கொடுக்கிற கடவுளைப் பார்த்த திருப்தி கிடைக்கும். இங்கே ஏறினால் அந்தத் திருப்தி நிலைக்காது. கேட்டது கிடைப்பதுதான் விசுவாசம் என்றால் அது கடைக்கணக்கு. தேவசகாயத்துக்குக் கிடைத்தது வேறு என்றே நினைக்கிறேன்: தண்ணீர் வந்த நாளிலும் வராத நாளிலும் பேசுவதற்கு ஒருவர்.

பெரியம்மாவின் மகன் வெளிநாடு போய் வருடக்கணக்கில் பேசுவதில்லை. அதற்காக அவர் ஏறாத கோயில் இல்லை. "இன்னும் கேட்டுக்கிட்டுதான் இருக்கீங்களா பெரியம்மா?" என்றேன்.

"பின்ன? எனக்கு அவருகிட்ட நல்ல கோவம் உண்டு மக்ளே. அதுக்காவ பேசாம இருக்க முடியுமா?"

அவர் செபமாலை சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நடுநடுவே சண்டைதான் போடுவார். அத்தனை உரிமை எனக்கு இன்னும் வரவில்லை.

கோட்டாறு பேராலயத்தில் புனிதரின் கல்லறை இருக்கிறது. 2022 மே 15 அன்று ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தபிறகு அங்கே கூட்டம் கூடிவிட்டது. அங்கே போகலாம் என்றேன். பெரியம்மா ஒத்துக்கொள்ளவில்லை, வடக்கன்குளம்தான் என்றார். தேவசகாயத்தின் மனைவி பார்கவி அம்மாள், ஞானஸ்நானப் பெயர் ஞானப்பூ, அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். கணவர் போனபிறகு சொந்த ஊருக்குத் திரும்பாமல் அங்கேயே இருந்து முடிந்தவர்.

ஞானப்பூவின் கல்லறையில் மெழுகுவர்த்தி காற்றில் நிற்கவே இல்லை. பெரியம்மா விடாமல் நான்கைந்து தீக்குச்சிகளை வீணாக்கிவிட்டு, "அவருக்கு ஒரு நாள்ல முடிஞ்சுபோச்சு. இவ அதுக்கப்புறமும் இருந்தாளே, இவளுக்கு எப்பம் பட்டம் குடுப்பாவ?" என்று என்னைக் கேட்டார், ஏதோ நான் ரோமில் வேலை பார்க்கிற மாதிரி.