நிலாவெளியிலிருந்து ஒரு கொள்கலன் சிரட்டைக்கரி

2026 மாசியில் எங்கள் முதல் கொள்கலன் கொழும்புத் துறைமுகத்தை விட்டு மலேசியாவுக்குப் போனது. நானும் மச்சானும் இந்த வேலையைத் தொடங்கியது முந்தைய ஆண்டு ஆனியில். அதற்குப் பிறகு, எப்படிச் செய்தீர்கள் என்று ஊரில் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் சொல்லி முடியாது, அதனால் எழுதி வைக்கிறேன்.

முதலில் புகை. எங்கள் பக்கத்தில் குழி வெட்டித்தான் சிரட்டை சுடுவார்கள், புகை முழுக்க அயலுக்குப் போகும். முதல் கிழமையே பக்கத்து வளவு அக்கா பிரதேச சபைக்குப் போய்விட்டார், அவரில் பிழை இல்லை, அவர் வீட்டுக் கொடியில் காய்ந்த உடுப்பெல்லாம் கரிவாடை. சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் இல்லாமல் இனிச் சுடக்கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். மூடிய பரலில் சுட்டு, வரும் புகையைக் குழாயால் திருப்பி அதே அடுப்புக்குள் விட்டு எரிக்கிற மாதிரி மாற்றினோம். புகையும் குறைந்தது, விறகும் மிச்சம். நூறு கிலோ சிரட்டைக்கு எங்களுக்கு 27, 28 கிலோ கரி கிடைக்கிறது.

பதிவுகள் நினைத்த அளவுக்குக் கஷ்டமில்லை. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு, வரி இலக்கம், சுங்கத்தில் ஏற்றுமதியாளர் பதிவு, அப்புறம் தேங்காய்ப் பொருள் என்பதால் தென்னை அபிவிருத்தி அதிகார சபை. ஏற்றுமதி அபிவிருத்திச் சபைக்கும் போனேன். எல்லாவற்றிலும் ஒரே ஆவணங்களைத்தான் கேட்பார்கள், பத்துப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குபவர் சிறிய ஆலைக்காரர். எங்கள் கரியை 800 பாகைக்கு மேல் சூடாக்கி, நீராவி விட்டு அக்டிவேட்டட் காபன் ஆக்கித் தண்ணீர் வடிகட்டிகளுக்குப் போடுகிறார். சிரட்டைக் காபனில் உள்ள நுண்துளைகள் மிகமிகச் சிறியவை, தண்ணீர் சுத்திகரிப்பில் இருந்து தங்கம் பிரித்தெடுப்பது வரை அதனால்தான் அதற்குக் கிராக்கி. தண்ணீரைச் சுத்தமாக்குகிற இதுவும் தூய தொழில்நுட்பம்தான். ஆனால் அப்படிச் சொன்னால் எங்கள் ஆட்கள் கூரையில் பூட்டுகிற சூரியப் பலகையை நினைக்கிறார்கள். அது வெளியிலிருந்து வந்து இறங்குகிற சாமான். இந்தச் சிரட்டைக் காபனை உலகத்துக்கு விற்கிற நாடுகளில் இலங்கை முன்வரிசையில் நிற்கிறது, ஆனால் அதற்குக் கரி சுடுகிறவனைக் கரிக்காரன் என்றுதான் சொல்வார்கள், சரி, போகட்டும்.

ஒரு தொன் கரிக்கு ஏறத்தாழ 20,000 தேங்காயின் சிரட்டை வேண்டும். எங்களுக்குத் தேவைப்பட்டது 12 தொன். நிலாவெளி, குச்சவெளி, மூதூர் எல்லாம் அலைந்தும் பாதிகூடத் தேறவில்லை, மிச்சச் சிரட்டையைக் குருநாகல் பக்கம் வாங்கி லொறியில் கொண்டுவந்தோம். அந்த லொறிக் கூலியை முதலிலேயே கணக்கில் போடாதது என் முட்டாள்தனம்.

கார்த்திகையில் சரக்குத் தயார். கரி தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் என்பதால் கப்பலுக்கு அது ஆபத்தான பொருள், அப்படிப்பட்ட பொருட்களின் ஐ.நா. பட்டியலில் அதன் இலக்கம் 1361. ஆனால் அப்போது ஒரு விலக்கு இருந்தது. மாதிரியை 140 பாகை அடுப்பில் 24 மணித்தியாலம் வைத்துப் பார்த்து, தானாகச் சூடேறவில்லை என்று ஆய்வுகூடம் எழுதிக் கொடுத்தால் சாதாரணச் சரக்காக அனுப்பலாம். எங்கள் கரி தேறிவிட்டது. மார்கழி முதல் கிழமைக் கப்பலுக்குப் பதிந்தோம்.

நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. கொட்டிலின் தகரம் பறந்து மூன்று தொன் நனைந்து சேறாகிப் போனது, பாதை வெட்டுப்பட்டு லொறியும் வரவில்லை. சுற்றிலும் வீடு வாசல் இழந்த சனம் இருக்கும்போது கரியைப் பற்றி யாரிடம் கவலைப்படுவது? மார்கழி அப்படியே போய்விட்டது.

தை பிறந்ததும் சரக்கு அனுப்புகிற நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தால், அந்த விலக்கே இல்லையாம். 2026 ஜனவரி 1 முதல், சோதனையில் தேறினாலும் தேறாவிட்டாலும் கரி எல்லாம் ஆபத்தான பொருளாகத்தான் போக வேண்டும். இந்த மாற்றம் ஒரு வருடத்துக்கு முன்பே வெளிவந்த விதியாம், எங்களுக்கு ஒருவரும் மூச்சுக்கூட விடவில்லை. அந்த நிறுவனம் கையை விரித்துவிட்டது. வேறு இரண்டு இடத்திலும் கரி என்றதும் வேண்டாம் என்றார்கள். நாலாவது ஆள்தான் ஒத்துக்கொண்டார், கூலி கூடுதல்.

புது விதிப்படி, சுட்ட பிறகு 14 நாள் கரியை ஆற விட வேண்டும். ஏற்றுகிற நாளில் அதன் சூடு 40 பாகைக்கு மேல் போகக்கூடாது, கொள்கலனுக்குள் மேலே 30 சென்ரிமீற்றர் வெளி விட வேண்டும். சுட்ட திகதி, ஏற்றிய திகதி, அன்றைய சூடு எல்லாம் பத்திரத்தில் வரவேண்டும். எங்கள் கரியில் பெரும்பகுதி சுட்டு மாதக்கணக்காகிவிட்டது, 14 நாள் ஒரு பிரச்சினையே இல்லை என்று சிரித்துக்கொண்டு போனேன். பரிசோதகர் மூட்டைகளைப் பார்த்து, எது எப்போது சுட்டது என்று கேட்டார். ஒன்றிலும் திகதி இல்லை! அவரோடு வாதாடிப் பயனில்லை, அவர் கையெழுத்துப் போட்ட பிறகு நடுக்கடலில் தீப்பிடித்தால் கேள்வி அவருக்குத்தான். எல்லா மூட்டையையும் அவிழ்த்துப் பரப்பி, அன்றைய திகதியைப் போட்டு, முதலாம் நாளிலிருந்து எண்ணினோம். நனைந்ததில் காய்ந்து தேறியதும் அதற்குள் போனது, குறைந்த மிச்சத்துக்குப் புதிதாகச் சுட்டோம்.

வீட்டு வாசலில் உலகம் புகழ்கிற திருகோணமலை இயற்கைத் துறைமுகம் இருக்கிறது, ஆனால் அங்கே வருவது கோதுமை, சீமெந்துச் சரக்கு, எண்ணெய்க் கப்பல்கள். கொள்கலனுக்கு நாங்கள் கொழும்புக்குத்தான் ஓட வேண்டும். லொறி, ஆபத்துச் சரக்குக் கூலி, நனைந்தது எல்லாம் கழித்துப் பார்த்தால் முதல் தடவை கையில் நின்றது ஒன்றுமில்லை, நட்டமும் இல்லை.

வாங்குபவர் ஈரப்பதம் நன்றாக இருக்கிறது என்று எழுதி இன்னொரு கொள்கலன் கேட்டிருக்கிறார். இப்போது பரலைத் திறக்கிற அன்றே மச்சானின் மகள் மூட்டையில் மைப்பேனாவால் திகதி எழுதிவிடுகிறாள். நேற்றுவரை 41 மூட்டை.