பத்து நாள் காண்ட்ராக்ட்

2014 ஏப்ரல் 7, ராத்திரி
ஜெயிச்சாச்சு!! அமெரிக்க காலேஜ் பாஸ்கெட்பால் ஃபைனல், நம்ம யூகான் (கனெக்டிகட் யூனிவர்சிட்டி) 60, கென்டக்கி 54. எல்லாரும் நேப்பியர் நேப்பியர்னு கத்துறாங்க, நம்ம பையன் அடிச்சது 22 பாயிண்ட், கத்தட்டும், ஆனா நான் பாத்தது ஃப்ரீ த்ரோ, அதான் ஃபவுல் ஆனா யாரும் தடுக்காம போடுற ஒரு பாயிண்ட் ஷாட். நம்ம பசங்க 10க்கு 10, அவங்க 24ல 13 தான், வித்தியாசம் வெறும் 6 பாயிண்ட், நீங்களே கணக்கு போட்டுக்கங்க. டோர்னமெண்ட் தரவரிசைல 7வதா (seed) வந்த டீம் இதுவரைக்கும் கப் அடிச்சதே இல்ல. போன வருஷம் பசங்க படிப்பு ஸ்கோர் பத்தலன்னு நம்மள டோர்னமெண்ட்டுக்குள்ளயே விடல.

2014 ஏப்ரல் 9
நேத்து பொண்ணுங்க டீமும் கப் அடிச்சிடுச்சு, ஊரே தூங்கல. எனக்கு மண்டைல ஓடுறது கோச் கெவின் ஆலி தான். பிளேயரா இருந்தப்போ, பெரிய புரொஃபஷனல் லீக்கான NBA டீம்ங்க புது ஆளுங்கள பிரிச்சு எடுக்குற 1995 டிராஃப்ட்ல இவர ஒருத்தரும் எடுக்கல, சின்ன லீக்ல ஆடிட்டு 1997ல டல்லாஸ்ல நுழைஞ்சாரு, அப்புறம் ஆர்லாண்டோ, சாக்ரமெண்டோ, ஃபிலடெல்ஃபியான்னு பெட்டிய பிரிக்கவே நேரமில்ல. ஜனவரி பொறந்தா டீம்ங்க பத்து நாளைக்குன்னு ஆள் எடுப்பாங்க, புடிச்சா இன்னொரு பத்து, அதுக்கு மேல சீசன் முடியுற வரைக்கும் வெச்சுக்கணும் இல்லன்னா டாட்டா. அப்படி வாழ்ந்த ஆளு. 2003ல ஸ்டார் பிளேயர்ங்க ரே ஆலன், கேரி பேட்டன் டீம் கைமாறின பெரிய டிரேட்ல இவரும் ஓரமா சியாட்டில் போனாரு, அடுத்த சீசன் கிளீவ்லாண்ட்ல புதுசா வந்த லெப்ரான் பக்கத்துல, கடைசியா ஓக்லஹோமால ஸ்டார் டுரான்ட் கூட. 13 சீசன், 11 டீம்ங்கறாங்க. நான் எண்ணினா 12 வருது, சியாட்டில் டீமே ஊர் மாறி ஓக்லஹோமா போனதால அது ரெண்டும் ஒண்ணுதானாம். மேட்ச்சுக்கு சராசரி 4 பாயிண்ட் கூட இல்ல!

2012ல யூகானோட பழைய கோச் கால்ஹூன் ரிட்டயர் ஆனப்போ இவருக்கு முதல்ல குடுத்ததும் ஏழு மாச காண்ட்ராக்ட் தான். ஆறு மாசத்துக்கு ஒருக்கா ரென்யூவலுக்கு காத்திருக்கிற என்ன மாதிரி ஆளுக்குத்தான் இது புரியும்.

2018 மார்ச் 10
யூகான்ல ஆலிய தூக்கிட்டாங்க. இந்த சீசன் 14 வெற்றி 18 தோல்வி, அது சரி, ஆனா விதிமீறல்னு சொல்லி மிச்ச சம்பளமும் கிடையாதாம்.

2022 ஜனவரி 21
அந்த மிச்ச சம்பள தகராறுல மத்தியஸ்தர் தீர்ப்பு வந்தாச்சு, யூனிவர்சிட்டி ஆலிக்கு 1.1 கோடி டாலருக்கு மேல குடுக்கணும். நாலு வருஷம் இழுத்துருக்காங்க.

2024 பிப்ரவரி 20
NBA டீம் புரூக்ளின்ல கோச் ஜாக் வானை அனுப்பிட்டு ஆலிய உக்கார வெச்சுட்டாங்க. இன்டரிம். சிரிப்பு வந்துச்சு, அம்பது வயசு தாண்டியும் தற்காலிகம்.

2024 ஏப்ரல் 24
ஆலி புரூக்ளின்ல 28 மேட்ச், 11 ஜெயிச்சாரு, நிரந்தர கோச் வேலை ஜோர்டி ஃபெர்னாண்டஸுக்கு. நம்ம ரென்யூவல் மெயிலும் இன்னும் வரல, மேனேஜர் கிட்ட கேட்டா "பாத்துக்கலாம்"ங்கறாரு.