சுவர் எதைவிடச் சூடு?

மாக் 3 வேகத்தில், அதாவது ஒலியைப் போல மும்மடங்கு வேகத்தில், 15 கிலோமீட்டர் உயரத்தில் போகும் ராக்கெட்டின் பக்கச் சுவர் 400 கெல்வின். வெளிக்காற்று 217 கெல்வின். வெப்பம் எந்தப் பக்கம் போகும்? வேலைக்குப் புதிதாக வருபவர்கள் ‘சுவரிலிருந்து காற்றுக்கு’ என்பார்கள். அந்த இடத்திலேயே கணக்கு தலைகீழாகிவிடும்.

சுவரை ஒட்டிய மெல்லிய காற்றடுக்கான எல்லைப் படலத்துக்குள் காற்றின் வேகம் அடங்க அடங்க, அதன் இயக்க ஆற்றல் வெப்பமாகிறது. கொஞ்சம் வெளியே கடத்தப்பட்டுவிடுவதால், வெப்பம் புகாத சுவர்கூட தேக்க வெப்பநிலையான (காற்று முழுதாக நின்றால் வரும் வெப்பநிலை) 608 கெல்வினைத் தொடாது. அந்த ஏற்றத்தில் சுவருக்குக் கிடைக்கும் பங்கான மீட்புக் காரணி, அடுக்கடுக்காக ஓடும் சீர்ப் பாய்வில் ஏறத்தாழ 0.85, சுழல்கள் கலந்த கொந்தளிப்பில் 0.89. 217 × (1 + 0.89 × 0.2 × 9) என்றால் (0.2 காற்றுக்கான மாறிலி, 9 மாக் எண்ணின் வர்க்கம்) சுமார் 565 கெல்வின். சுவரை ஒப்பிட வேண்டியது இதனுடன்தான். அப்படிப் பார்த்தால் 400 கெல்வின் என்பது குளிர்ந்த சுவர்; வெப்பம் உள்ளேதான் வருகிறது.

கணினியில் பாய்வைக் கணக்கிட, காற்றுவெளியைச் சிறு செல்களாகப் பிரிக்கும் மெஷ் போடும்போதும் இதே குழப்பம் வரும். படலத்தின் குறுக்கே அழுத்தம் ஏறக்குறைய மாறாது. ஆகவே சுவர் 565 கெல்வினில் இருந்தால், அதை ஒட்டிய காற்றின் அடர்த்தி வெளியே இருப்பதில் 0.38 பங்கு, பாகுநிலை இரு மடங்கு, இரண்டும் சேர்ந்து இயக்கப் பாகுநிலை (பாகுநிலையை அடர்த்தியால் வகுத்தது) ஐந்து மடங்குக்கு மேல். வெளிக்காற்றின் மதிப்புகளை வைத்து, சுவரை ஒட்டிய முதல் செல்லின் உயரத்தைப் போட்டால் மெஷ் தேவைக்கு மேல் நுணுகிவிடும். கணினி நேரம்தான் வீண். இதைவிட மிக அதிக மாக் எண்ணில், மொண்ணை மூக்கில் நிலைமை நேரெதிர், ஆபத்தானதும் அதுதான். அதிர்வலையைக் கடந்த காற்று ஆயிரக்கணக்கான கெல்வினில் இருக்க, அதிர்வுச் சுரங்கத்து (அதிர்வலையால் சூடேற்றிய காற்றைக் கணநேரம் பாய்ச்சும் சோதனைக் கருவி) மாடலோ சில மில்லிவினாடிச் சோதனை முழுவதும் கிட்டத்தட்ட அறை வெப்பநிலையிலேயே இருக்கும். அங்கே வெளிக்காற்றின் மதிப்புகளை வைத்தால் முதல் செல் தடித்துப்போகும், வெப்பப் பாய்வு தவறாக வரும், வரைபடமோ பார்க்க அழகாகவே இருக்கும்.

சுவரைக் குளிர்வித்தால் கொந்தளிப்பு தள்ளிப்போகும் என்ற பாடம் மாக் 2, 3 வரை சரி. மாக் 5-ஐத் தாண்டினால், படலத்துக்குள் சிக்கிய ஒலி அலைகளைப் போன்ற அலைவுகள் குளிர்ந்த சுவரில் இன்னும் வேகமாக வளரும். பல பத்து, பல நூறு கிலோஹெர்ட்ஸில் துடிக்கும் இவை குழாய் வைத்த சாதாரண அழுத்த உணரிக்குத் தெரியாது.

மாக் 3 காற்றுச் சுரங்கத்தில், தேக்க வெப்பநிலை 300 கெல்வினாக இருந்தால், சீர்ப் பாய்வு கொந்தளிப்பாக மாறும் இடத்தில் வெப்பம் புகாத சுவரின் வெப்பநிலை சுமார் 8 கெல்வின் ஏறும். அகச்சிவப்பு கேமராவுக்கு அது தாராளம். ஆனால் மாடல் பீக் (PEEK) போன்ற பிளாஸ்டிக்கில் இருக்க வேண்டும். உலோகம் வெப்பத்தைப் பரப்பி அந்த எல்லைக்கோட்டை மங்கலாக்கிவிடும்.